கொட்டாஞ்சேனையில் ஒருவர்

இமெல்டா போத்தலின் மூடியைத் திருகித் திறந்து சாராயத்தைக் குசினித் தொட்டிக்குள் கவிழ்த்தாள். பதினாலு மாதமாக அந்த வீட்டில் இல்லாதிருந்த மணம் சுவரெல்லாம் ஏறியது. இரண்டாவது போத்தலை எடுத்தபோது அம்மாவின் தமையன் ஹியூபேட் மாமா ஓடி வந்தார்.

"அடியே, விசரே உனக்கு? பெட்டி தூக்கிற ஆக்களுக்கு வாங்கி வச்சது!"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுகொண்டோ ஊத்துறாய்?"

இரண்டாவதும் களகளவென்று இறங்கியது. மாமா தொட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். யாராவது வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளை அவள்.

முன்னறையில் சவப்பெட்டிக்குள் அப்பா சவுந்தரநாயகம் கையில் செபமாலையோடு கிடந்தார். இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஈரல் முன்னமே பழுதாகிவிட்டது என்று வைத்தியத்துக்குப் போன முதல் நாளே டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் காலையிலிருந்து வந்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். "குடிச்சுக்கொண்டிருந்தவனை வைத்தியம் எண்டு கூட்டிக்கொண்டு போய்ச் சாக்காட்டிப்போட்டுதுகள். ஒரேயடியா நிப்பாட்டினா உடம்பு தாங்குமே?" தலைமாட்டில் இருந்த அம்மா மாக்ரெட்டுக்கும் அது கேட்டது. மத்தியானம் அம்மா இமெல்டாவின் கையைப் பிடித்து, "அங்க கூட்டிக்கொண்டு போகாம விட்டிருக்கலாமோ பிள்ளை?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் இமெல்டா குசினிக்குப் போனாள்.

'அங்க' என்பது வெள்ளவத்தையில் குடியை நிறுத்த வைத்தியம் செய்யும் நிலையம். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் அப்பாவோடு போனாள். கொட்டாஞ்சேனை ஆட்கள் வேறும் வந்தார்கள். ஆனால் வெட்கத்தில் ஒருவரும் படிவத்தில் உண்மையான விலாசத்தை எழுதுவதில்லை. வெள்ளவத்தைக்குப் பக்கத்துப் பாமன்கடையில் இருக்கும் யாரோ சொந்தக்காரரின் விலாசத்தைக் கொடுத்துவிடுவார்கள். அப்பா மட்டும் ஒழுங்கையின் பெயர், வீட்டு இலக்கம் எல்லாம் எழுதினார். வருட முடிவில் அங்கிருந்த மிஸ் எந்த இடத்தில் எத்தனை பேர் என்ற அறிக்கையை வாசித்துக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா கதிரையில் இருந்து சிரித்தார்.

"நாடு முழுக்க வைத்தியத்துக்கு வாற ஆக்கள் வருசா வருசம் கூடுகினமாம், மாக்ரெட். பாமன்கடையில மட்டும் நாப்பத்திரண்டு பேர். பாவம், அந்தச் சனம்! கொட்டாஞ்சேனையில எத்தினை தெரியுமே? ஒண்டு. அந்த ஒண்டு நான்தான்."

கோவிலில் மூன்று மணி அடித்தது. பாதர் காத்துக்கொண்டிருப்பார். பெட்டியை மூடினார்கள். தூக்க வந்த ஐந்து பேரும், எல்லாரும் துறைமுகத்துக் கூட்டாளிகள், வாசலிலேயே நின்றார்கள்.

"என்ன ஹியூபேட், தொண்டை காய்ஞ்சா கை வழுக்கும் கண்டியோ," என்றார் நிக்கலஸ், பக்கத்து வீட்டுக்காரர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"மருமகளிட்டக் கேள். எல்லாத்தையும் தொட்டிக்குள்ள ஊத்திப்போட்டாள்."

"அப்ப தொட்டி வந்து தூக்கட்டும்!"

படலையடியில் நின்ற நெடிய மனிதர் முன்னால் வந்தார். கிராண்ட்பாஸ் பக்கத்து மீரா சாஹிப். வெள்ளவத்தையில் புதன்கிழமைகளில் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவர். "மகள், ஒரு பக்கம் நான் புடிக்கிறன்," என்றார்.

"பிடியுங்கோ சாஹிப் மாமா."

அவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றார். இமெல்டா வாசலைப் பார்த்துத் திரும்பினாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள்.

"அப்பா நிப்பாட்டினதால சாகேல்ல. நிப்பாட்டினதால பதினாலு மாசம் எங்களோட கூட இருந்தவர். அவர் போனது வெக்கப்படுற இடமில்ல. சாராயத்துக்காகத் தூக்கிறவை ஒருத்தரும் இந்தப் பெட்டியில கை வைக்க வேண்டாம். பாமன்கடை விலாசம் குடுத்த ஆராவது இந்த ஒழுங்கையில இருந்தா வந்து பிடியுங்கோ."

அம்மா தலையை நிமிர்த்தினாள். பெண்கள் செபம் சொல்வதை நிறுத்தினார்கள்.

நிக்கலஸ் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து பெட்டி மூடியில் கையை வைத்தார்.

"மச்சான், நான் செவ்வாய்க்கிழமையில அங்க போறனான்," என்றார்.

பெண்களுக்கு நடுவில் இருந்த அவருடைய மனைவி பிறிஜெற் விசிறிக்கொண்டிருந்த காகிதம் அப்படியே நின்றது. செவ்வாய்க்கிழமைகளில் அவருக்கு ஓவர்டைம் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாமா முணுமுணுத்துக்கொண்டே ஐந்தாவது கைப்பிடியைப் பிடித்தார். ஆறாவது கைப்பிடிக்கு இமெல்டா போனாள்.

"பொம்பிளைப் பிள்ளையள் தூக்கிறேல்ல," என்றார் மாமா.

"இண்டைக்குத் தூக்கும்."

"விடுங்கோ அண்ணை," என்றாள் அம்மா. "அவள் தூக்கட்டும்."

தூக்கினார்கள். பெட்டி அவள் பக்கம் சரிந்தது. எதிர்ப்பக்கத்தில் நின்ற மீரா சாஹிப் அதைப் பார்த்துத் தன் முழங்காலைக் கொஞ்சம் மடித்தார். நிக்கலஸும் மடித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பதிந்தார்கள். அப்படியே, ஐந்து ஆண்களும் அவளுடைய உயரத்துக்குக் குனிந்தபடி, பெட்டி சரியாமல் ஒழுங்கையில் இறங்கினார்கள்.