முத்தாயியின் சவுரி

கதவை உள்ளே தாழ்போட்டுவிட்டு சிவசாமி இறந்துபோன மனைவியின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே பெண்கள் விடாமல் தட்டினார்கள்.

"அண்ணே, கதவ தெறங்கண்ணே. குளிப்பாட்ட தண்ணி ரெடியா இருக்கு. வேன் வேற வந்துருச்சு லா," என்றாள் பக்கத்து வீட்டு பாட்ரீசியா.

"நானே துடைச்சு விட்டுர்றேன்மா."

"ஐயையோ, ஆம்பள செய்யற வேலையா இது? ஊர் உலகத்துல நடக்காத கூத்தா இருக்கே!" என்றாள் ஒரு கிழவி.

நடக்காத கூத்துதான். சிவசாமிக்கு மட்டும் தெரியாதா என்ன? "நான் செத்தாலும் என் தலைய ஒருத்தரும் பாக்கக் கூடாதுங்க," என்று குஞ்சம்மா முன்பே கேட்டிருந்தாள். அவரும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டார். சுமங்கலியாய்ப் போகிறவளைப் பெண்கள் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, தலைவாரிப் பூ வைத்து அனுப்புவார்கள் என்பது அப்போது அவர் புத்தியில் உறைக்கவில்லை. வாருவதற்கு இந்தத் தலையில் என்ன இருக்கிறது?

சினைப்பையில் புற்று என்று கோலாலம்பூரில் கண்டுபிடித்து, அறுத்தெடுத்த பிறகு ஊசிமருந்து ஏற்றினார்கள். பிளாட்டினத்தில் செய்த மருந்து என்று தாதி சொன்னதும் குஞ்சம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து ஒரு தோடு வாங்கித் தர உங்களுக்குத் துப்பில்ல. கவர்மெண்டு பாருங்க, ஒடம்பு பூரா பிளாட்டினமா ஏத்துது," என்றாள். வாந்திதான் அவளை வாட்டியது. முடி அவ்வளவாகக் கொட்டவில்லை.

ஊசி முடிந்து சில மாதங்களிலேயே வயிற்றில் மறுபடி நீர் கோத்தது. "ஆறு மாசங்கூட தாங்காம திரும்பிருச்சுன்னா, இனிமே அந்த மருந்துக்கு இது அடங்காது. திருப்பிக் குடுத்தும் பிரயோசனம் இல்ல," என்றார் டாக்டர். வேறு மருந்து எழுதினார். இது விழுங்குகிற குளிகை. குணமாக்காது, கொஞ்ச நாள் தடுத்து வைக்கும் என்று மறைக்காமல் சொன்னார்.

குளிகைப் பெட்டி ஐஸ்பெட்டியில், தயிருக்கும் நெத்திலிப் பொட்டலத்துக்கும் நடுவில் இருந்தது. காலையில் சிவசாமியே எடுத்துக் கொடுப்பார். வயிறு வற்றியது. எழுந்து நின்று தோசைகூட வார்த்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவள் ஒருத்திதான் பேச்சுத்துணை. பிழைத்துவிட்டாள் என்று அவர் கூத்தாடாத குறை. அந்த வாரம்தான் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது.

"சன்னாசிமலைக்கு வேண்டிக்கிட்டு மொட்ட போட்டேன்னு சொல்லிரேன்," என்றார்.

"சாமிக்குக் குடுக்காதத குடுத்தேன்னு சொல்றதா? நல்லாருக்கே நியாயம்!"

அன்றிலிருந்து கேட்டில் பூட்டு தொங்கியது. யார் வந்தாலும் "தூங்குறா" என்பார் சிவசாமி. அவர்கள் குடியிருந்த ஆயர் குரோ முழுக்கக் காட்டுத்தீப் புகைமூட்டம் கவிந்திருந்த மாதங்கள் அவை. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெம்பியாவிலிருந்து பஸ் மாறி வந்த அவளுடைய அக்கா முத்தாயியையும் அப்படித்தான் திருப்பி அனுப்பினார். அக்கா போவதை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு குஞ்சம்மா தேம்பித் தேம்பி அழுதாள். ஆனாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. குளிகைக்கும் நோய் அடங்காமல் போய், இன்னொரு புது மருந்து இருக்கிறது என்று டாக்டர் ஆரம்பித்தபோது, "போதும் டாக்டர்," என்றுவிட்டாள்.

"தம்பி."

முத்தாயியின் குரல். தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓய்ந்தார்கள்.

"எத்தன தடவ வந்தேன். அத்தன தடவையும் கேட்டுக்கு வெளியவே நிக்க வச்சு அனுப்புனீங்க. இப்பவும் வெளியதான் நிக்கணுமா?"

சிவசாமி ஈரத்துணியைக் கட்டில் விளிம்பில் போட்டார். பிறகு எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினார்.

"நீங்க மட்டும் வாங்கக்கா."

பூச்சரத்தை ஏந்திக்கொண்டு முத்தாயி உள்ளே வந்தாள். தலையில் எப்போதும் போல அந்தப் பெரிய கொண்டை. ரெம்பியா பசாரில் அவளை அந்தக் கொண்டையை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். கட்டிலருகே போய், தங்கையின் தலையில் சுற்றியிருந்த துண்டை விலக்கினாள். கத்தவில்லை. உள்ளங்கையால் அந்தத் தலையை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இதுக்கா?" என்றாள். "இதுக்கா என்னைய வெளிய நிறுத்துனா?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னு அவதாங்க்கா..."

"நான் யாரோவா?"

அவள் கை தன் தலைக்குப் போனது. ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். கொண்டை மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. கருகருவென்று நீளமான சவுரிமுடி. அவளுக்கென்று மிஞ்சியது நரைத்த எலிவால் மட்டும்தான்.

"கல்யாணத்துக்கு முன்னயே எனக்கு முடி கொட்டிருச்சு தம்பி. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு, இவதான் தன் சீப்புல வந்த முடியெல்லாம் சேத்து வச்சு இதக் கட்டிக் குடுத்தா. எஸ்டேட்டுல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. எனக்காக இத்தன வருசம் வாயத் தெறக்காதவ, அவளுக்குன்னு வந்தப்ப எங்கிட்ட சொல்லிருக்கக் கூடாதா?"

இதைச் சிவசாமியிடம்கூட குஞ்சம்மா மூச்சுவிட்டதில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் நின்று அழுதவளை நினைத்துக்கொண்டார். பூட்டின் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

இரண்டு பேருமாக அவளைக் குளிப்பாட்டினார்கள். முத்தாயி சவுரியைப் பிடரியில் துணி நாடாவால் கட்டி, பின்னி, இடது தோளில் எடுத்துவிட்டாள். சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்து முக்காடிட்டு, பின்னல் நெடுகப் பூவைச் சுற்றினாள். பிறகு தன் முந்தானையையும் தலையில் இறுக்கிப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நோவுல கெடந்தும் முடியப் பாரேன், என்னமா இருக்கு!" என்று கிழவி வாய்விட்டு அழுதாள்.

பாட்ரீசியா முத்தாயியைப் பார்த்தாள். "என்னக்கா, கொண்டைய அவுத்துட்டீங்க?"

"வெக்க தாங்கலடி."

சவுரி குஞ்சம்மாவோடேயே போயிற்று.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதல்லவா? சாயங்காலம் ஒவ்வொருவராகச் சொல்லாமலே எழுந்து போனார்கள். முத்தாயியும் முக்காட்டைப் பிடித்தபடி மகனின் காரில் ஏறினாள். கடைசியாகத் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பாட்ரீசியா வெளியே வந்தாள்.

"கேட்டப் பூட்டிரவா அண்ணே?"

"வேணாம்மா. தெறந்தே கெடக்கட்டும்."

சிவசாமி நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தெருவில் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். வேலை முடிந்து ஆட்களை இறக்கிவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஒன்று திரும்பியது. விளக்குகள் எரியத் தொடங்கின. பூட்டு அவர் மடியில் கிடந்தது.