மாமா இல்ல, தொடை

ரத்தப்போக்கை நிறுத்தப் பழக்கும் பொம்மை தென்காசியிலிருந்து வந்து சேரவில்லை என்பதற்காகக் கட்டிய புருஷனைக் கூப்பிட்டுத் தரையில் கிடத்துவாளா ஒருத்தி? என் மனைவி சுகிர்தா கிடத்தினாள். சங்கரன்கோவிலில் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள் அவள். துணிக்கடையைப் பூட்டிவிட்டு வந்த என் வேட்டியில், தொடைப் பக்கம் சிவப்புச் சாயத்தை ஊற்றினாள்.

"காயத்துல துணிய வச்சு, ஒடம்புப் பாரத்த எறக்கி அமுக்கணும். ஆம்புலன்ஸ் வருத வரைக்கும் கைய எடுக்கப்படாது" என்றாள்.

எல்லாரும் அமுக்கினார்கள். கடைசியாக ஜாய்லின் வந்தாள். அவளும் நர்சுதான், எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள். பூவைத் தொடுகிற மாதிரி தொட்டாள்.

"ஏட்டி, இன்னைக்கு இவரு ஒனக்கு மாமா இல்ல, வெறும் தொடை. அமுக்கு!" என்றாள் சுகிர்தா.

அமுக்கினாள். வாகாக உட்காரக் காலை நகர்த்தியபோது அது என் கையில் பட்டுவிட்டது. பதறிப்போய்க் காயத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்து, என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"போச்சு! மரியாத குடுத்தே மாமாவக் கொன்னுட்டியே!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சுகிர்தா மேல் கோபமான கோபம்.

"நீ மறுபடி அமுக்கு மக்கா. கால் பட்டா படட்டும்" என்றேன்.

இந்த முறை எலும்பு வரைக்கும் வலித்தது. மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

"போதும், விடு மக்கா. டீ ஆறிரும்."

அவள் கையை எடுக்கவில்லை.

"ஆம்புலன்ஸ் இன்னும் வரலியே, மாமா."