ஆசீரின் கம்ப்யூட்டருக்கு ஒரு பவர் சப்ளை

கார்த்திகை மழை விட்ட சமயத்தில் ஆசீரின் கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. சின்னப் படங்கள் வரையும்போது ஒன்றும் ஆகாது. பெரிய மாடலை ஸ்கிரீனில் திருப்பிப் பார்க்கும்போதுதான் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு கறுப்பாகிவிடும். மறுபடி ஆன் செய்தால் எதுவுமே நடக்காதது மாதிரி ஓடும்.

கே.கே. நகர் வீட்டின் முன்னறைதான் அவனுக்கு ஆபீஸ். மூன்று வருஷம் முன்பு தஞ்சாவூர் ரோட்டில் பைக்கை லாரி இடித்ததில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதற்கு முன் அவன் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தான். இப்போது துவாக்குடியில் இரும்பு வேலைப் பட்டறை வைத்திருக்கும் வீரமலை அனுப்பும் வேலைகளைச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வரைந்து கொடுக்கிறான். மில்லுக்குத் தானியம் கொட்டும் ஹாப்பர், கன்வேயர் ஃபிரேம், மாடிப்படிக் கம்பி என்று ஏதாவது வரும். அந்தப் படங்கள் வரையும் நேரத்தில் மட்டும் அவன் முகம் பழைய மாதிரி இருக்கும்.

அவன் மனைவி டோரதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பில் போடுகிறாள். காலையில் ஆசீரை எழுப்பி, துடைத்துவிட்டு, உட்காரவைத்து, சமைத்து வைத்துவிட்டு பஸ் ஏறினால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். ஸ்ரீரங்கம் கோயில் ஏகாதசி நெருங்க நெருங்கக் காவிரிப் பாலத்தில் பஸ் நகரவே நகராது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண்ணை மூடப் பழகியிருந்தாள்.

கம்ப்யூட்டர் அணையும் சங்கதியை ஆசீர் இரண்டு வாரம் அவளிடம் சொல்லவில்லை. கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் கோளாறு என்று அவனாகவே கண்டுபிடித்திருந்தான். கடைக்காரர்கள் அதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். பிறகு ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தான். பழைய பெட்டியில் நானூற்றைம்பது வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, ஆனால் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸருக்கும் போவது பன்னிரண்டு வோல்ட் லைன், அந்த லைனில் கிடைப்பது போட்டிருப்பதில் பாதிகூட இல்லை என்றான். வாங்கும்போது மேலே இருக்கும் பெரிய நம்பரைப் பார்க்கக் கூடாது, ஸ்டிக்கரில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்ப்ஸ் என்று பார்க்க வேண்டும் என்றான். டோரதி தலையாட்டினாள். காதில் பாதிதான் விழுந்தது. அவன் சொல்லி முடிப்பதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து நஸ்ருல்லாவின் கடைக்குப் போனாள். மெயின்கார்டுகேட் பக்கம் மாடியில் இருக்கும் சின்னக் கடை. ஆசீர் முன்பே போன் செய்திருந்ததால் நஸ்ருல்லா ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். நானூற்றைம்பது வாட்ஸ், நல்ல கம்பெனி, ஐந்து வருஷ வாரண்டி. பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. பேர் தெரியாத கம்பெனி, ஐந்நூறு வாட்ஸ் என்று போட்டிருந்தது, வாரண்டி ஒரு வருஷம்.

டோரதி ஆசீருக்குப் போன் போட்டு, காதில் வைத்தபடியே நஸ்ருல்லாவிடம் விலை கேட்டாள். முதல் பெட்டி இரண்டாவதைப் போல மூன்று மடங்கு.

"அவ்வளவா?" என்றாள்.

 அந்த ஒரு வார்த்தையில் நாள் முழுக்க நின்ற கால்வலி இருந்தது, இன்னும் ஏற வேண்டிய பஸ் இருந்தது, வாங்காமல் விட்ட கிறிஸ்துமஸ் துணி இருந்தது. 

"டோரதி, அந்த விலை கம்மியானதையே வாங்கிட்டு வந்துடு. நமக்கு அது போதும்," என்றான் ஆசீர்.

அவன் மனசில் இருப்பது அது இல்லை என்று குரலிலேயே அவளுக்குத் தெரிந்தது. நஸ்ருல்லாவும் சார் கேட்டது இது இல்லையே, எடை பார்த்தாலே வித்தியாசம் தெரியுமே என்று இரண்டையும் அவள் கையில் கொடுத்தார். ஒன்று செங்கல் மாதிரி கனத்தது, மற்றது காலி டப்பா மாதிரி இருந்தது. பேசி முடிவெடுக்க அவளிடம் தெம்பில்லை. காலி டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். கம்ப்யூட்டரும் ஓடியது. வீரமலை அரிசி மில்லுக்கு ஒரு பெரிய ஹாப்பர் வேலை கொடுத்திருந்தார். ஆசீர் கிறிஸ்துமஸ் அன்றுகூடப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். மாதாந்திர வேலையாகக் கொடுக்கலாமா என்று வீரமலை யோசித்துக்கொண்டிருப்பதாக டோரதியிடம் சொன்னான். சொல்லிவிட்டு, ரொம்ப நம்பவும் வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டான்.

வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம் கரன்ட் போனது. திரும்ப வந்ததும் ஆசீர் கம்ப்யூட்டரை ஆன் செய்தான். மேஜைக்கு அடியில் 'டப்' என்று வெடித்தது, வயர் கருகிய நாற்றம் அறை முழுக்கப் பரவியது. அவனால் குனிந்து பிளக்கைப் பிடுங்க முடியாது. பக்கத்து வீட்டுச் சாரா பீவியைக் கூப்பிட்டான், அவர் வந்து சுவிட்சை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் டோரதி வந்தபோதும் அந்த நாற்றம் போகவில்லை. ஆசீர் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். நடந்ததைச் சொன்னான். மலிவானதை வாங்கியதால் வந்தது என்று அவன் சொல்லவில்லை. ஏன் இப்படி ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. அவன் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லி அழுது முடித்திருப்பாள். அவன் ஒன்றும் சொல்லாததால் அன்று ராத்திரி முழுக்க அந்த "அவ்வளவா" அவள் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும், கம்ப்யூட்டர் ஆள் வந்து கழற்றி வைத்திருந்த கருகிய பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு நேராக நஸ்ருல்லாவிடம் போனாள். வாரண்டி இருக்கிறது, இதே மாதிரி வேறொன்று தருகிறேன் என்றார் அவர். அது வேண்டாம் என்றாள். அப்படியானால் இதன் விலையைக் கழித்துக்கொண்டு நல்லதாகப் பார்க்கலாம் என்று எழுநூற்றைம்பது வாட்ஸ் பெட்டி ஒன்றை முதலில் இறக்கினார். இதை வாங்கினால் எதற்கும் யோசிக்க வேண்டாம் என்றார்.

டோரதி அதையும் பார்த்தாள், முன்பு தனியாக எடுத்து வைத்திருந்த நானூற்றைம்பதையும் பார்த்தாள். ஆசீர் சாப்பாட்டின்போது சொன்னது, பாதி காதில் விழுந்ததே, அது இப்போது நினைவுக்கு வந்தது. நானூற்றைம்பதைத் திருப்பி, ஸ்டிக்கரில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று தேடினாள். முப்பத்தாறு ஆம்ப்ஸ்.

"இவர் வச்சிருக்கிற கார்டுக்கு இது போதுமா, இல்ல அதுதான் வேணுமா? உண்மையைச் சொல்லுங்க பாய்."

நஸ்ருல்லா பெரிய பெட்டியைத் தள்ளி வைத்தார். "போதும்மா. எல்லாம் முழு வேகத்துல ஓடினாலும் முந்நூறு வாட்ஸைத் தாண்டாது. பெருசு வாங்கினா எனக்கு லாபம், சாருக்கு ஒண்ணும் கூடப் போறதில்ல," என்றார்.

ஆசீருக்குப் போன் செய்யாமலே நானூற்றைம்பதை வாங்கினாள்.

வீட்டில் பெட்டியை மேஜைமேல் வைத்ததும் ஆசீர் அதன் பேரைப் படித்தான். கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் இதைக் கேக்கலையே, டோரதி."

"கேட்டீங்க. நான்தான் கேக்காத மாதிரி வந்துட்டேன்."

"நீ அன்னைக்குக் களைச்சுப் போயிருந்தே. உன் குரலைக் கேட்டதும் எனக்கு மனசு வரல."

"இன்னைக்கும் களைச்சுத்தாங்க இருக்கேன். அதுக்காக எல்லாத்துலயும் மட்டமானதா பாத்து உங்களுக்கு வாங்கிட்டே இருக்க முடியுமா? மெத்தைக்கும் அப்படித்தான் சொன்னீங்க, இந்த நாற்காலிக்கும் அப்படித்தான்."

 அவன் பெட்டியின் மூலையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் ஆள் வரமாட்டான், நாமே மாட்டலாமா என்று கேட்டான்.

டோரதி தரையில் உட்கார்ந்து, சேலையைச் செருகிக்கொண்டு, கேபினெட்டைப் படுக்கவைத்துத் திறந்தாள். அவன் மேலேயிருந்து சொல்லச் சொல்ல புதுப் பெட்டியின் வயர்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். அகலமான பிளக் மதர்போர்டுக்கு. பிராசஸருக்குப் போவது மேல் மூலையில். கார்டுக்குத் தனியாக ஒன்று. ஒரு பிளக் உள்ளே போகவே மாட்டேன் என்றது. கிளிப் எந்தப் பக்கம் இருக்கிறது பார், திருப்பிப் பிடி என்றான் அவன். திருப்பியதும் சிரமமில்லாமல் போய் உட்கார்ந்தது. பழைய ஸ்குரூ ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, அதை எடுக்க அவள் படுத்துக் கையை நீட்ட வேண்டியிருந்தது. முதுகு வலித்தது. ஆனால் இந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து ரொம்ப நாளாகிவிட்டது என்று தரையில் படுத்திருந்தபோது தோன்றியது.

ஆன் செய்ததும் ஃபேன் சுற்றியது. கம்ப்யூட்டர் வந்தது. ஆனால் படங்கள் வைத்திருந்த தனி ஹார்ட் டிஸ்க் வரவில்லை. வயரை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள், அப்படியும் வரவில்லை. வெடித்தபோது அதுவும் போயிருந்தது. அனுப்பி முடித்த படங்கள் வீரமலையிடம் இருந்தன. பாதி வரைந்த ஹாப்பர் மட்டும் எங்கும் இல்லை.

ஆசீர் வீரமலைக்குப் போன் செய்தான். அவர் கோபப்படவில்லை. மில்லுக்காரர் அவசரப்படுத்தியதால் ஹாப்பரை முந்தாநாளே அரியமங்கலத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மாதாந்திர வேலை பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, ஆசீரும் கேட்கவில்லை. ஒரு மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறது, சின்ன வேலைதான், செய்யறீங்களா தம்பி என்றார். ஆசீர் சரி என்றான்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். டோரதி சோறு போட்டு வந்து அவன் கையில் கொடுத்தாள். வேண்டாம் என்பான் என்று நினைத்தாள். வாங்கிச் சாப்பிட்டான்.

"ஹாப்பரைப் பாதிவரைக்கும் வரைஞ்சிருக்கேன். மறுபடி வரையறது சுலபம்," என்றான். "அவருக்கு இல்ல. எனக்கே வரைஞ்சு வச்சுக்கிறேன். அடுத்த தடவை யாராவது கேட்டா காட்டலாம்."

முதலில் கைப்பிடியை முடியுங்க என்றாள் அவள். தட்டைக் கழுவ வேண்டும், துணி ஊறிக்கொண்டிருக்கிறது, நாளைக்கு இட்லிக்கு மாவு இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கட்டிலில் அப்படியே சாய்ந்தாள். வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள். அறைக்குள் மௌஸ் விட்டு விட்டுச் சொடுக்கியது. ஆசீர் ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்று புரியும் முன்பே அவள் தூங்கிப்போனாள்.