ஹாடர்லி லாக்கில் தண்ணீர் இல்லை

நவம்பர் முதல் திங்கட்கிழமை மதியம் ஹாடர்லி லாக்குகளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். லாக் என்றால் கால்வாயில் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படகை இறக்குகிற, இரண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி. நவம்பர் பழுது பார்க்கிற காலம். அப்புறம் மார்ச்சில்தான் திறப்பு. கால்வாயில் படகு வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். தண்ணீர்க் குழாயடிப் பலகையில் கோடையிலேயே அறிவிப்பு ஒட்டிவிடுகிறார்கள். அப்படியும் வருஷா வருஷம் யாராவது ஒரு ஈரவெங்காயம் வேண்டாத பக்கத்தில் மாட்டிக்கொண்டு, குளிர்காலம் முழுக்க நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டு கிடப்பான். அந்த ஈரவெங்காயம் நானாக இருக்கக் கூடாது என்றுதான் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஒரு வாரமாகப் படகை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் படகின் பெயர் லபர்னம். நீளத்தில் பேருந்தை மிஞ்சும். அகலம் மட்டும், உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அளவு. வீட்டை விற்றுவிட்டு இதில் ஏறிய நாளிலிருந்து எங்களுக்குப் படகு கட்ட நிரந்தரத் துறை கிடையாது. துறை இல்லாதவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் கட்டி நிற்கக் கூடாது என்பது விதி. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்வார்கள். எனக்கு நாலாவது நாளே உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். கயிற்றை அவிழ்த்து, டீசல் எஞ்சின் தடதடவென்று பேச ஆரம்பித்தால்தான் மூச்சே சீராக வரும்.

ஆனால் இந்த வருஷம் அவசரத்துக்கு வேறு காரணம் இருந்தது. என் கணவன் நெவிலுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. மாதக் கடைசியில் வெல்போர்ன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். லாக்குகளுக்குக் கீழே இருக்கிற ஊர் அது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குளிர்காலத்துக்கு ஒரு துறை பேசி வைத்திருந்தேன். மேலேயே மாட்டிக்கொண்டால் படகு வரை வரும் சாலை இல்லை, கடை இல்லை, ஆம்புலன்ஸ் வர வழி இல்லை. அப்போது அவன் தன் அக்கா பெரில் வீட்டுக்குத்தான் போக வேண்டும். கடலோரத்தில், மாடி இல்லாத வீடு, வெந்நீர் எப்போதும் வரும். பெரிலின் சோபாவில் உட்கார்ந்த ஆண்பிள்ளை எவனும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அவளுடைய இரண்டு புருஷன்களும் அதிலேதான் போய்ச்சேர்ந்தார்கள். நெவில் அங்கே போனால் திரும்பி வரமாட்டான் என்று நான் பயந்தேன். வெளியே சொல்லவில்லையே தவிர, ராப்பகலாக அதே பயம்தான்.

ஞாயிறு சாயங்காலம் முதல் லாக்குக்கு மேலே கட்டினோம். மொத்தம் ஐந்து லாக். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் தாராளமாக இறங்கிவிடலாம்.

திங்கள் காலை நான் கண் விழித்தபோது நெவில் பக்கத்தில் இல்லை. கெண்டியில் தண்ணீர் கொதித்து, பன்றி இறைச்சி வறுபட்டு, ரொட்டியும் சுட்டு முடித்த பிறகுதான் சாம்பல் வாளியோடு வந்தான். முழங்கால் வரை பனி ஈரம்.

"இவ்வளவு நேரமா சாம்பல் கொட்டினே? நம்ம அடுப்பு என்ன எரிமலையா?"

"கொஞ்சம் நடந்தேன். நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு."

"அவர் சொன்னதுல இது ஒண்ணுதான் உன் காதுல விழுந்திருக்கு. சாப்பிடு. நேரமாகுது."

அவன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தான். வலி என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சினைப் போட்டுவிட்டு, சுக்கானை அவனிடம் கொடுத்தேன். வேலை பிரித்துக்கொள்வது எங்களுக்குள் இப்போது இப்படித்தான்: அவன் படகைப் பிடிப்பான், நான் லாக்கைத் திறப்பேன். கதவில் தண்ணீர் விடுகிற ஷட்டர்களைத் தூக்கும் இரும்புக் கைப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு கரைப் பாதையில் இறங்கினேன்.

முதல் லாக் வாய்வரை நிறைந்து நின்றது. நல்லது என்று கதவருகே போய், கீழ்ப்பக்கம் எட்டிப் பார்த்தேன். பார்த்தவள் அப்படியே நின்றேன். முதல் லாக்குக்கும் இரண்டாவது லாக்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய தேக்கத்தில் தண்ணீர் இல்லை. கறுப்புச் சேறு. சேற்றில் ஒரு சைக்கிள், ஒரு கடைத் தள்ளுவண்டி, நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு கோடு தண்ணீர். வாத்துகள் நீந்த வழியில்லாமல் சேற்றில் நடந்து திரிந்தன.

ஓடினேன். அறுபதைத் தாண்டியவள் ஓடக் கூடாத ஓட்டம். இரண்டாவது லாக்கில் மேல்கதவு ஷட்டரும் தூக்கியிருந்தது, கீழ்க்கதவு ஷட்டரும் தூக்கியிருந்தது. மேல்தேக்கத்துத் தண்ணீர் லாக்கில் நிற்காமல் நேரே கீழே போய்விட்டது. வாயில் வந்த வார்த்தைகளை எல்லாம் சொல்லிக்கொண்டே இரண்டையும் இறக்கினேன். ஊர்ப் பசங்களின் வேலை என்று அவர்களைப் பெற்றவர்கள் வரை இழுத்துத் திட்டினேன்.

கீழேயிருந்து டட்லி ஏறி வந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சம்பளம் வாங்காமல் லாக்குகளைப் பார்த்துக்கொள்கிறவர். தோளில் மதியத்துக்கு வேண்டிய சங்கிலி தொங்கியது.

"என்ன கண்ணு, காலையிலயே ஊரையே எழுப்பிட்டே?"

"பாருங்க டட்லி, உங்க ஊர்ப் பிள்ளைங்க லட்சணத்தை."

அவர் சேற்றைப் பார்த்தார். பிறகு ஷட்டரைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"பசங்களால முடியாதே. ஒவ்வொண்ணுக்கும் குட்டிப் பூட்டு போட்டிருக்கோம்ல. படகுக்காரங்க சாவி இல்லாம அசையாது. நேத்து இருட்டறதுக்கு முன்னால நானே அஞ்சு லாக்கையும் பூட்டிட்டுப் போனேன்."

"அப்ப ராத்திரி ஏதாவது படகு வந்திருக்கும்."

"எங்கேயிருந்து வரும்? கடைசியா இறங்கற படகு உங்களோடதுதான். உன் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"நேத்துதான். அவராத்தான் கேட்டாரு, எங்களுக்குப் பின்னால யாராவது வர்றாங்களான்னு."

ஒரு ஷட்டர் திறந்திருந்தால் மறதி. யாருக்கும் வரும், எனக்கே வந்திருக்கிறது. மேலே ஒன்றும் கீழே ஒன்றும் திறந்து, இரண்டிலும் கொக்கியை ஒழுங்காக மாட்டிவிட்டுப் போவது மறதி இல்லை. லாக்கை விட்டுக் கிளம்பும்போது மூன்று தடவை திரும்பிப் பார்க்கிறவன் நெவில். ஷட்டரை இறக்க மறந்த அந்நியர்களைக் கரைப் பாதை முழுக்கத் துரத்திக்கொண்டு போய்ப் பாடம் நடத்தியவன்.

"நிரப்பிடலாம் கண்ணு," என்றார் டட்லி. "மேல நிறைய தண்ணி இருக்கு. முதல் லாக்ல ரெண்டு பக்கமும் திறந்துவிட்டா மதியத்துக்குள்ள படகு மிதக்கற அளவுக்கு வந்துடும். நான் கொஞ்சம் முன்னப் பின்ன ஆனாலும் காத்திருக்கேன். ஆனா பழுது பார்க்கிற ஆளுங்க லாரியோட வந்துட்டா என் கையில இல்ல."

திறந்துவிட்டோம். கை மட்டும் வேலை செய்தது. தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்து சேற்றின் மேல் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கதவின் நீண்ட கட்டை மேல் உட்கார்ந்தேன், எழுந்தேன், கைப்பிடியைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன். கோபம்தான் முதலில் வந்தது. தேக்கம் முக்கால்வாசி நிறைந்ததும் நேரே படகுக்குப் போனேன்.

நெவில் சுக்கான் பக்கத்திலேயே நின்றிருந்தான், ஒரு காலில் பாரம் போட்டு. என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாதவன்.

"ஏன்டா?" என்றேன்.

"வேற படகு எதுவும் வராதுன்னு கேட்டுக்கிட்டுதான் செஞ்சேன்."

"நான் அதையா கேட்டேன்?"

"முதல்ல எஞ்சினை ஏதாவது பண்ணலாம்னு பார்த்தேன். நீ அரை மணியில சரி பண்ணிடுவ."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"ஆஸ்பத்திரி பக்கத்துல துறை பேசி வச்சிருக்கேன். உனக்காகத்தானே நாயா ஓடறேன்? வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்தான்." அவன் எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "நான் வாயத் தெறந்தா நீ எஞ்சினைப் போட்டுடற, லோர்னா. வசந்த காலத்துலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன். 'ஒண்ணு சொல்லணும்'னு ஆரம்பிச்சா, நீ கயித்த அவுத்துடுவ. இல்லாட்டி தண்ணி பிடிக்கணும்ப, கழிவுப் பெட்டி ரொம்பிடுச்சும்ப, நிலக்கரிப் படகு போயிடும்ப. ஒரு லாக் தாண்டட்டும், சொல்லலாம்னு நினைப்பேன். தாண்டினதும் அடுத்த லாக் வந்துடும்."

"என்ன சொல்லணும்? பெரில் வீட்டுக்குப் போகணுமா? போயேன். ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் தானே."

அவன் சுக்கானின் பித்தளையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஆறு வாரம்தானே, நெவில்?"

"தெரியல. இந்தப் படகுல ஏறும்போதும் இறங்கும்போதும் எனக்குப் பயமா இருக்கு. போன மாசம் குழாயடியில வழுக்கி விழுந்தேன். உன்கிட்ட சொல்லல. புது மூட்டு வச்சாலும் அந்தப் பயம் போகும்னு எனக்குத் தோணல. திரும்பி வருவேன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

நான் பயந்தது இதற்குத்தான். அதை அவன் வாயாலேயே கேட்டாகிவிட்டது. கேட்டதும் உலகம் இடியவில்லை. விழுந்ததைக்கூட என்னிடம் சொல்லாமல் மென்று முழுங்கியிருக்கிறான். கல்லுளிமங்கன் என்று அவனை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். பேசவே இடம் கொடுக்காதவளுக்கு அப்படித் திட்ட என்ன யோக்கியதை என்று இருந்தது.

"தண்ணி வந்துடுச்சு பாரு," என்றான் அவன் மெதுவாக. "நீ கிளம்பு. நான் செஞ்சது தப்புதான். வெல்போர்ன் துறை உனக்குப் பிடிச்ச இடம். நீ இறங்கிடு, நான் டட்லி வண்டியில போயிடறேன்."

தேக்கம் நிறைந்திருந்தது. சைக்கிளும் தள்ளுவண்டியும் மறைந்துவிட்டன. வாத்துகள் மறுபடி நீந்தின. டட்லி லாக்கைத் தயார் செய்து, மேல்கதவைத் திறந்து, எங்களைப் பார்த்துக் கையசைத்தார். கீழே சாலைப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டது.

கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சுக்கானை வாங்கிக்கொண்டேன். லபர்னத்தின் மூக்கு சரியாகத் திறந்த கதவைப் பார்த்து நின்றது. கியரை முன்னால் தள்ளினால் போதும். தள்ளினால் மதியத்துக்குப் பிறகு கீழே இருப்பேன், சாயங்காலம் வெல்போர்னில். அவனும் மனசை மாற்றிக்கொள்வான், எப்போதும் மாற்றிக்கொள்கிறவன்தானே. அல்லது நான் தனியாகப் போவேன். எதுவானாலும் போய்க்கொண்டிருப்பேன். என் கை கியர் மேல்தான் இருந்தது.

"என்ன கண்ணு, உள்ள வர்றியா, சங்கிலியப் போடட்டுமா?" டட்லி கத்தினார். "ஆளுங்க வந்துட்டாங்க."

நெவில் என்னைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கரையில் எங்கே கால் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான். படகுக்கும் கரைக்கும் நடுவே ஓர் அடி அகல இடைவெளி. என் வாழ்க்கையில் அதைத் தாண்டுவதாக நான் நினைத்ததே இல்லை. சும்மா இறங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். அவன் அதைக் கிணற்றை எட்டிப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

"பூட்டிக்கோங்க டட்லி," என்றேன்.

"நல்லா யோசிச்சியா? மார்ச் வரைக்கும் திறக்கமாட்டாங்க."

"தெரியும். பூட்டுங்க."

அவர் கதவை மூடினார். சங்கிலி கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. நெவில் திரும்பினான். பயந்த முகம், நான் ஏதாவது எறிவேன் என்பது போல. எறியவும் ஆசையாகத்தான் இருந்தது.

"லோர்னா, உனக்கு ஒரே இடத்துல—"

"இரு."

கயிற்றை மறுபடி இரண்டு முளையிலும் கட்டினேன். பிறகு எஞ்சினை நிறுத்தினேன். தடதடப்பு நின்றதும் காது அடைத்தது போல் இருந்தது. கைகள் உடனே ஏதாவது வேலை தேடின: தண்ணீர் பிடிக்கலாம், எண்ணெய் பார்க்கலாம், அடுப்புக்குக் கரி போடலாம். அவன் எதிரே படகின் ஓரப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்ப சொல்லு," என்றேன்.

அவன் ஆரம்பிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் எழுந்திருக்கவில்லை.