ரெண்டு கட்டை இறக்கம்

“பூசைக்குக் கூப்பிட்டீங்களா, கச்சேரிக்குக் கூப்பிட்டீங்களா மாஸ்டர்? அந்த உசரத்துல பாட நாங்க என்ன வானத்துச் சம்மனசுகளா?” மயிலாப்பூர் மாதா கோயில் வாசலில் பியாட்ரிஸ் டீச்சர் கத்தினார்.

“ஏற முடியலைன்னா வாயை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணுங்க டீச்சர்!” பாடகர் குழு மாஸ்டர் ஜேக்கப்பும் விடவில்லை.

ஜேக்கப்பின் மகள் ஜூலியட்டுக்கு எட்டாத சுருதி இல்லை. அது ஊருக்குத் தெரியட்டும் என்றே மனிதர் எல்லாப் பாட்டையும் உச்சத்தில் எடுப்பார். சனங்கள் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி வாயை மட்டும் அசைத்துவிட்டு வீடு திரும்புவார்கள். டீச்சருக்கோ தான் பாடாத பூசை பூசையே இல்லை. இப்படியே போனால் பெசன்ட் நகர் கோயிலுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஓர் அதிசயம். நற்கருணை வாங்கும்போது பாடும் நன்மைப் பாட்டைக் கோயிலே சேர்ந்து பாடியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்திலிருந்த என் காது அடைக்கப் பாடினார்.

“பாத்தீங்களா, என் டிரெயினிங்!” என்று ஜேக்கப் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

டிரெயினிங்காவது! கீபோர்டு வாசிக்கும் ரொனால்ட், பியாட்ரிஸ் டீச்சரிடம் படித்தவன். ஒரு பட்டனை அழுத்திச் சுருதியை ரெண்டு கட்டை இறக்கிவிட்டான். மாஸ்டரின் காதுக்கு அது எட்டவில்லை. ஜூலியட்டுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அப்பாவிடம் சொல்ல வேண்டியவள் ரொனால்டைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அதன்பிறகு பூசையில் கவனம் போகவில்லை.

கடைசியில் பெசன்ட் நகருக்குப் போனது டீச்சரல்ல, ஜூலியட். ரொனால்டின் வீடு அங்கேதான். கல்யாணப் பூசையிலும் எல்லோரும் பாடினோம். மாஸ்டர் மறுபடியும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.