கைநலத் தூதர்

இதனால் சகல ஜனங்களுக்கும் தெரிவிப்பது யாதெனில்: மனித குலத்தை ஆதி நாள் முதல் வாட்டிவந்த கைவலி, வருகிற திங்கட்கிழமை காலையுடன் முடிவுக்கு வருகிறது.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் கடலோரத்துச் சிங்கி இறால் ஆலையின் சாப்பாட்டு அறையில், மேற்பார்வையாளர் ரெஜிஸ் நாற்காலிமேல் ஏறி நின்று ஏறக்குறைய இப்படித்தான் அறிவித்தார். தலைமை அலுவலகம் கைப்பயிற்சி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. முதல் நிலையில் மணிக்கட்டை மடக்க வேண்டும். இரண்டாவதில் விரல்களைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மூன்றாவதில் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி விரல்களை மூடித் திறக்க வேண்டும். தலைமை அலுவலக அம்மையார் முன்னால் இதைத் திருத்தமாகச் செய்து காட்டுகிறவர் 'கைநலத் தூதர்' ஆவார். அவருக்கு ஒரு பச்சைத் தொப்பி. கூடவே, ரோஸ்-ஏமே ஓய்வு பெறுவதால் காலியாகும் தராசு நாற்காலி.

தொப்பியை யாரும் சட்டை செய்யவில்லை. நாற்காலி என்றதும் நோர்மாந்த் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வெந்த இறாலின் கொடுக்கை உடைத்துச் சதையை உருவுவது அவள் வேலை. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், கொடுக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரு திருகு, ஒரு தட்டு, ஒரு இழுப்பு. போன பருவத்தில் கட்டைவிரலில் ஒண்டிக்கொண்ட மரமரப்பு, இந்தப் பருவத்தில் குடும்பத்தோடு முழங்கை வரை குடியேறிவிட்டது. கையை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. கடை வரிசையில் உதறினாள், பேருந்தில் உதறினாள். மாதாகோயிலில் உதறியபோது, தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று பாதிரியார் பூசையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். காலையில் அவள் சட்டைப் பொத்தானைக் கணவன் போட்டுவிட்டான். ஊர்ப் பலகாரமான புத்தீன் உருண்டைக்கு உருளைக்கிழங்கு துருவுவதும் அவன் தலையில் விழுந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டார் எதையோ வெகுநேரம் மென்றார்கள். அது என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. மெழுகை உருக்கிக் கையை முக்கிப் பார்த்தாள். குதிரைக்குத் தடவும் தைலம் தடவிப் பார்த்தாள். நாய் பக்கத்தில் வருவதை நிறுத்தியதுதான் கண்ட பலன். மருத்துவர் ஒரு மணிக்கட்டுப் பட்டையைக் கொடுத்து, "கைக்கு ஓய்வு கொடுங்க" என்றார். ஓய்வு எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதித் தரவில்லை.

தராசு நாற்காலி உட்கார்ந்து பார்க்கிற வேலை. டப்பா வரும், எடையைப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு ஒரு விரல் போதும். நோர்மாந்திடம் உயிருள்ள விரல்கள் இன்னும் இரண்டு இருந்தன.

"வலிக்கலைன்னு காட்டினாத்தான் வலிக்காத வேலை குடுப்பாங்களாம்," என்றாள் பக்கத்தில் கொடுக்கு உடைக்கும் ஜினெட். "இதை யோசிச்சவன் மண்டைய வச்சுத் தட்டினா கொடுக்கு சுலபமா உடையும்டீ."

"வாய மூடு. எனக்கு அந்த நாற்காலி வேணும்."

"உன் கை நடுங்குதே?"

"நடுங்கல. பயிற்சி பண்ணுது."

வாரம் முழுக்கச் சாப்பாட்டு அறையில் ஒத்திகை. "பாருங்கம்மா, நோர்மாந்த் விரலு எப்படிப் பூ மாதிரி விரியுது!" என்று ரெஜிஸ் புளகித்தார். பூ விரிந்தபோதெல்லாம் தோள்பட்டை வரை மின்சாரம் பாய்ந்தது. நோர்மாந்த் சிரித்தாள். வலியில் அவ்வளவு அழகாக அந்த ஆலையில் வேறு யாரும் சிரித்ததில்லை.

திங்களன்று டொராண்டோ தலைமை அலுவலகத்திலிருந்து விட்டேகர் அம்மையார் வந்தார். அவருக்கு ஆங்கிலம் மட்டும், ஆலைப் பெண்களுக்குப் பிரெஞ்சு மட்டும். நடுவில் மொழிபெயர்க்க ரெஜிஸ். "சாப்பாட்டு அறையில் வேண்டாம், வேலைத் தளத்திலேயே செய்யட்டும்," என்றார் அம்மையார்.

ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு மீன்பெட்டிமேல் நோர்மாந்த் ஏறி நின்றாள். முதல் நிலை பிரமாதம். இரண்டாம் நிலையும் பிரமாதம். மூன்றாவதுக்குக் கைகள் முக்கால்வாசி உயர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கத்தினாலும் காது கேட்காத அந்தத் தளத்தில் எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். கத்தி மழுங்கினால் ஒரு சைகை, பனிக்கட்டி தீர்ந்தால் ஒரு சைகை. இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை மூடித் திறந்தால், கோடியில் சுவிட்சருகே நிற்கும் ரெஜிஸின் மைத்துனன் யூடோருக்கு ஒரே அர்த்தம்: எவளோ விரலை மாட்டிக்கொண்டாள், பெல்ட்டை நிறுத்து. ஒத்திகையெல்லாம் சாப்பாட்டு அறையில் நடந்ததால் இது ஒருவர் புத்தியிலும் தட்டவில்லை. காரணமில்லாமல் பெல்ட்டை நிறுத்தவைக்கிறவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எதிரே ஜினெட் கண்ணை உருட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். கையை இறக்கினால் நாற்காலி போச்சு. தூக்கினால் வேலையே போச்சு. நோர்மாந்த் தூக்கினாள். தூதரைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள்.

ஒரே சமயத்தில் அத்தனை விரல்கள் மாட்டி யூடோர் தன் ஆயுளில் பார்த்ததில்லை. பாய்ந்து நிறுத்தினான்.

குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. பெண்கள் தூக்கிய கைகளை இறக்கித் தொங்கவிட்டார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். நோர்மாந்தின் விரல்நுனிக்கு ரத்தம், விலாசம் விசாரித்துக்கொண்டு வருவதுபோல, மெதுவாக வந்து சேர்ந்தது.

"இதுவும் பயிற்சியில் சேர்த்தியா?" என்று கேட்டார் அம்மையார்.

ரெஜிஸுக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கீழே கிடக்கும் பெருமையை எடுத்துக்கொள்ளாமல் தாண்டிப் போகிற சுபாவம் அவருக்கு இல்லை. "மூன்றாம் நிலையின் உச்சமே இதுதான்," என்றார்.

"வலி எப்படி இருக்கிறதென்று கேளுங்கள்."

கேட்டார். ஜினெட் முந்திக்கொண்டாள். "பெல்ட் நின்னா வலியும் நிக்குது. இதைக் கண்டுபிடிக்க டொராண்டோவுலேர்ந்து ஆள் வரணுமான்னு அந்தம்மாகிட்ட கேளு."

"பயிற்சி அற்புதமாக வேலை செய்கிறது என்கிறார்," என்று மொழிபெயர்த்தார் ரெஜிஸ்.

"நாற்காலி எனக்குத்தானேன்னு கேளு, ரெஜிஸ்," என்றாள் நோர்மாந்த்.

"இவர் ஆயுள் முழுக்கச் செய்ய ஆசைப்படுகிறார்."

அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. மூன்றாம் நிலை இனி மணிக்கொருமுறை. குழப்பம் வராதிருக்க, கை தூக்கினால் பெல்ட் நிற்காது. ரெஜிஸ் பச்சைத் தொப்பியைத் தம் கையாலேயே நோர்மாந்துக்கு அணிவித்தார்.

"நாற்காலி?"

"தூதரைக் கொண்டுபோய் மூலையில உக்கார வைக்க முடியுமா? நீ நடு மேஜையில நின்னு கொடுக்கு உடைச்சாத்தானே நாலு பேரு பாப்பாங்க? அந்தம்மாவே ஆசைப்பட்டுச் சொன்னாங்க."

"எனக்குக் கை வலிக்குது, ரெஜிஸ்."

ஆலையில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரெஜிஸ் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். "தொப்பியப் போட்டுக்கிட்டு அப்படிச் சொல்லாதே. யாரு காதுலயாவது விழுந்தா என்ன நினைப்பாங்க?"

காரணமில்லாமல் பெல்ட்டை நிறுத்தியதற்காக யூடோரைச் சுவிட்சிலிருந்து மாற்றினார்கள். தராசு நாற்காலியில் இப்போது அவன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் கையில் எந்த வலியும் இல்லை.