சாமி முன்னால் இரண்டு பொட்டலம்

ஆபீசுக்குப் புறப்பட்ட பகவதிப்பெருமாள், அடுத்த வீட்டுச் சுசீலாபாயின் தம்பி கயிறு பிடித்துத் தம் வீட்டு முற்றத்தை அளப்பதைப் பார்த்துவிட்டார். அவரைக் கண்டதும் அந்த மனிதர் கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு நல்லதாகப் படவில்லை. வாடகை வீடுதான் என்றாலும், ஆள் குடியிருக்கும்போதே அளப்பதா?

அது 1956, ஐப்பசி. நவம்பர் முதல் தேதி அவருடைய நாஞ்சில்நாடு மதராஸ் ராஜ்யத்தோடு போகிறது. பிழைக்க வந்த திருவனந்தபுரம் கேரளத்தில் நிற்கிறது. சர்க்கார் குமாஸ்தாவான அவர் எந்த ராஜ்யத்தில் வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாளை கடைசி நாள். படிவம் இன்னும் வெறுமையாகவே பையில் கிடந்தது.

"வே, இதுக்கெல்லாம் ஒரு யோசனையா?" என்றார் ஆபீசில் பக்கத்து நாற்காலி நெல்லையப்பன். "அங்க போனா நமக்கு முதல் பந்தி. இங்கயே கெடந்தா எலை எடுக்குத நேரத்துலதான் சோறு."

பகவதிப்பெருமாளும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இல்லை. அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம், சொந்த வயல் அரிசி, கள்ளுக்கடை இல்லாத தெரு. இங்கே குழாய்த் தண்ணீர், பெரிய ஆஸ்பத்திரி. ஆனால் இளம்பிள்ளை வாதத்தில் விழுந்த மகள் நீலாம்பாளின் இடது காலுக்கு இனி மருந்தில்லை, பழக்கித்தான் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லியாயிற்று. எட்டு வயதுப் பிள்ளை தரையில் நகர்ந்துதான் போகிறது. ஊன்றாத அந்தக் கால் எந்த ராஜ்யத்தில் ஊன்றும்? அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சுசீலாபாயோ, போவதாக முடிவாயிற்றா என்று ஒரு மாதமாகக் கண்ட இடத்திலெல்லாம் மலையாளத்தில் கேட்டாள்: "பெருமாள்சாறே, நிச்சயிச்சோ? போகுந்நுண்டோ?" அவர் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் வந்து போகிறாள், மதியச் சாப்பாட்டுக்கு வரும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் புறவாசல் வழியே மறைகிறாள். மனைவி மங்கலத்திடம் கேட்டால், "சும்மா வந்தா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீடு காலியானால் தம்பிக்கு ஆகும் என்று சுசீலாபாய்க்கு எண்ணம். சுசீந்திரத்தில் அண்ணன்மாரோடு சேர மங்கலத்துக்கு ஆசை. இரண்டு பேரும் கூடித் தம்மைக் கிளப்பப் பார்க்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மனிதரை நம்ப முடியாதபோது சாமியிடம் போவது அவர் வழக்கம். அந்தியில் விளக்கேற்றியதும் பூ வைத்துக் கேட்டார். சிவப்புச் செத்தி வந்தால் மதராஸ், வெள்ளை நந்தியார்வட்டை வந்தால் கேரளம். மங்கலம் பூக்களை இலைத்துண்டுகளில் பொதிந்து பத்மநாபசாமி படத்துக்கு முன் வைத்தாள். நீலா நகர்ந்து வந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

வெள்ளை.

பூக் கேட்டவர்கள் மற்றதைப் பிரிப்பதில்லை. சாமி சொன்னால் சொன்னதுதான். பகவதிப்பெருமாள் பிரித்தார். அதிலும் வெள்ளை.

"ஏட்டி! சாமி முன்னாலயே கள்ளத்தனமா? அந்த அடுத்த வீட்டுக்காரி சொல்லித் தந்தாளா?" என்று கத்தியவர் பாதியில் நின்றார். அவளுக்கு வீடு வேண்டுமென்றால் இரண்டும் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும்?

"அவளுக்கு இது தெரியாது. நாந்தான் செஞ்சேன். பாவம்னா எனக்கு வரட்டும்." என்றாள் மங்கலம். "அவ கையால ஒண்ணும் வாங்கப்பிடாதுன்னு சொன்னியல்லா? அவ அப்பா வைத்தியராம். மூணு மாசமா தெனமும் உச்சைக்கு வந்து பிள்ளைக்க காலை எண்ணெ போட்டு உருவி விடுகா. நீங்க வந்தா ஓடச் சொன்னதும் நாந்தான்."

"அவ தம்பி முற்றத்த அளந்தானே?"

"பிள்ளை பிடிச்சு நடக்க மூங்கில் கட்டித் தரப்போறாரு. நாம போயிட்டா பழக்கினது பாதியில நின்னு போகும்லா? அதான் போறியளா, போறியளான்னு கேக்கா."

"ஒனக்கு ஊருக்குப் போக ஆசையில்லியா?"

"இல்லாம இருக்குமா? ஆனா அங்க யாரு தெனமும் வந்து இந்தக் காலை மடியில எடுத்து வெப்பா? எங்க மதினிமாரா?" என்றவள் மகளைப் பார்த்தாள். "மக்ளே, அப்பாவுக்குக் காட்டு."

நீலா சுவரைப் பிடித்து எழுந்தாள். இடது பாதம் மெல்லத் தரையில் படிந்தது. பத்து எண்ணும் நேரம் அப்படியே நின்றாள். பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பகவதிப்பெருமாளுக்குப் படத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. மூன்று மாதமாகச் சாமி நண்பகலில் வீடு தேடி வந்திருக்கிறது. அவர் செருப்புச் சத்தத்துக்குப் பயந்து புறவாசல் வழியே போயிருக்கிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு படிவத்தை எடுத்துக் கேரளம் என்று எழுதினார்.

காலையில் வேலியோரம் போய் நின்றார். "அம்மா, நாங்க போகல்ல."

சுசீலாபாய் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லது. எண்ணெ தீர்ந்நு போயி. வைகிட்டு ஆபீஸ் விட்டு வரும்போ சாலைக்கடையில நின்னு ஒரு குப்பி வாங்கிட்டு வரணும், கேட்டோ."

எண்ணெய் நீலாவின் காலுக்கா, இவள் வீட்டுக்கா என்று அவர் மனம் ஒரு நொடி பழைய புத்தியில் கேட்டது. உடனே வெட்கத்தில் அவர் முகம் சிவந்தது.

"ஒரு குப்பி போதுமா அம்மா?" என்றார்.